தாய்க்கு விட்டுவைத்த விரற்கடை

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் வந்துவிட்டால் அந்தப் பூசை உடைக் கடை கத்தரிக்காய் மூட்டையைப் பிரித்துக் கொட்டியது போலாகிவிடும். எங்கு திரும்பினாலும் ஊதா. பூசை உடை ஊதா, பீடத்துணி ஊதா, சிலைகளை மூடும் போர்வை ஊதா. அத்தனை ஊதாவுக்கும் நடுவே இன்று காலை ஒரே ஒரு வெள்ளை விரிந்து கிடந்தது.

இன்று மங்கள வார்த்தைத் திருநாள். வானதூதர் கபிரியேல் மரியாளிடம் வந்து பிள்ளை பிறக்கப்போகும் சேதியைச் சொன்ன நாள். கிறிஸ்துமஸுக்குச் சரியாக ஒன்பது மாதம் முந்தி. எத்தனை நோன்பு நடந்தாலும் இந்த ஒரு நாள் பூசை வைக்கும் சாமியார் வெள்ளை உடுத்தியாக வேண்டும். நாளைக்கு மறுபடி கத்தரிக்காய்தான்.

அந்த வெள்ளை உடைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தவள், கடையின் இளைய மருமகள் ஊசி. உடம்பும் பேச்சும் சேர்த்து வாங்கிக்கொடுத்த பெயர். இப்போது ஏழு மாதம். உடம்பில் ஊசி போய்விட்டது. பேச்சில் போகவில்லை.

போன வாரம் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்ததோடு நிறுத்தியிருந்தோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பூட்டியே பார்த்திராத உயர அலமாரியைப் பெரியவர் திடீரென்று பூட்ட ஆரம்பித்திருந்தார். பெரியவர் என்பது அவள் கணவனின் அண்ணன். ஆர்டர் பிடிப்பதும் கடையை ஆள்வதும் அவர். துணி வெட்டுவது அவள் கணவன், ஊருக்கெல்லாம் மாஸ்டர். இந்த மாஸ்டரும் ஒரு மாதமாக வழக்கத்துக்கு மாறாக அவளைத் தாங்கோ தாங்கென்று தாங்கிக்கொண்டிருந்தான். கேட்காமலே காலுக்கு முக்காலி வந்தது. கேட்காமலே வெந்நீர் வந்தது. விலை சொல்லாமல் ஒருவன் சரக்கைக் கையில் திணித்தால் சந்தேகப்படத் தெரிந்த வீட்டில் வளர்ந்தவள் ஊசி. புருஷனாயிற்றே என்று விட்டுவைத்திருந்தாள்.

"ஆச்சா, ஆச்சா?" என்று கோயில்பிள்ளை வாசலில் வந்து நின்றார். கோயிலில் மணியடிப்பது முதல் மெழுகுவர்த்தி அணைப்பது வரை அவர் பொறுப்பு. காலையிலிருந்து இது மூன்றாவது நடை.

"கபிரியேலே ஒரு தடவைதான் வந்தாரு. நீங்க எத்தனை தடவைங்க வருவீங்க?"

"அவருக்கு அஞ்சரை மணிப் பூசை இல்லையேம்மா. எனக்கு இருக்கே."

"நாலு மணிக்கு வந்து வாங்கிக்கங்க. கரையில ஒரு சாண் பாக்கி, அவ்வளவுதான்."

"இன்னைக்குப் பூசையே உங்க வீட்டுக்காகத்தான், தெரியுமில்ல? பெரியவரும் அவர் வீட்டம்மாவும் நன்றி செலுத்துறாங்களாம். எதுக்குன்னு கேட்டேன். சாமியார்கிட்ட சீட்டு எழுதிக் குடுத்திருக்கேன், சாயங்காலம் கேட்டுக்கன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

பெரியவர் சிரித்தார் என்பதே செய்தி. பதினான்கு வருடமாகப் பிள்ளையில்லாத மனிதர். அவர் சிரித்தால் கோயில்பிள்ளைக்கே நின்று சொல்லத் தோன்றும்.

அவர் போனதும் கரைக்கான நீலப் பட்டு நூல் தீர்ந்துபோனது. புதுக் கண்டு உயர அலமாரியில். பெரியவர் கோயிலில் பீடத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தார். ஓரகத்தி, அதாவது பெரியவரின் மனைவி, ஊசி அக்கா என்று அழைப்பவள், மாடியில் உடைக்கு இஸ்திரி போட அடுப்பை, இல்லை இல்லை, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அவள் எது செய்தாலும் அடுப்படிப் பக்குவத்தோடு செய்வாள். அவளுடைய ஊசிப் பெட்டியில் அலமாரிச் சாவி கிடந்தது.

ஊசி திறந்தாள். நூல் கண்டு மேல்தட்டிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு மூடியிருக்கலாம். கீழ்த்தட்டில் வெள்ளையாக ஏதோ மடித்து வைத்திருந்தது.

குழந்தைக்கு ஞானஸ்நான உடை. ஒரு முழ நீளம், கழுத்தில் சுருக்கு, கையில் குட்டி லேஸ்.

துணியைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. அவளுடைய கல்யாண உடையில் மிஞ்சிய பட்டு. இரண்டு மாதம் முன்பு அவளே மாஸ்டரிடம் கொடுத்து, நம்ம பிள்ளைக்கு வெட்டுங்க என்றாள். துணி பத்தாது போலிருக்கு, பார்க்கலாம் என்றிருந்தான். பத்தியிருக்கிறது. அழகாகவே வெட்டியிருக்கிறான்.

ஆச்சரியப்படுத்தலாம் என்று மறைத்து வைத்திருக்கிறான் பாவி என்று சிரித்துக்கொண்டே கீழ் மடிப்பைத் திருப்பினாள். சிரிப்பு அங்கேயே நின்றது.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. மாமனார் காலத்திலிருந்து, எத்தனை பெரிய வீட்டு ஞானஸ்நான உடையானாலும், கீழ் மடிப்பில் ஒரு விரற்கடை, அதாவது ஒரு விரல் அகலம், தைக்காமல் விடுவார்கள். அதைத் தாய்தான் முடிக்க வேண்டும். கடைக்காரர் கை படக்கூடாது. வாசலோரம் அதற்கென்றே ஒரு நாற்காலி. ஊசியே பிடித்தறியாத பெண்கள் அதில் உட்கார்ந்து, விரலைக் குத்திக்கொண்டு, கோணல்மாணலாய் நாலு தையல் போட்டு, காரணமில்லாமல் அழுதுவிட்டுப் போவார்கள். ஒருத்தி தன் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு கோணலானாலும் பிரிக்க மாட்டார்கள்.

இந்த உடையில் அந்த விரற்கடை மூடியிருந்தது.

ஏழு தையல். ஏழும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. கடையில் இடக்கையால் தைப்பவள் ஒருத்திதான். அக்கா.

தெரியாமல் போட்டிருப்பாளோ என்று நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. பதினான்கு வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு தாய்க்கும் நூல் கோத்துக் கொடுத்தவள் அக்காதான். ஒரு தடவைகூட அந்த இடத்தில் விரல் வைத்ததில்லை. அந்த ஏழு தையல் கைதவறி விழுந்தவை அல்ல.

வெட்டு மேசையில் மாஸ்டர் ஊதாத் துணியில் சோப்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். ஊசி அந்தக் கோட்டின் மேலேயே உடையை வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்காமல் சோப்புக் கட்டியைப் பார்த்தான்.

"அக்கா ஏன் இதை முடிச்சாங்க?"

"எதை?"

"என்னைப் பாத்துப் பேசுங்க. சோப்பு பதில் சொல்லாது."

"அது வந்து... அண்ணி ஆசைப்பட்டாங்க."

"தையல் போடவா? இல்ல, தாயாகவா?"

மாஸ்டர் கத்தரியை எடுத்தான். வைத்தான். எந்தத் துணியையும் ஒரே வீச்சில் வெட்டுகிறவன், ஒரு வாக்கியத்தை வெட்டி எடுக்கத் தெரியாமல் நின்றான்.

"அண்ணன் கேட்டான், ஊசி."

"என்ன கேட்டாரு?"

"பொறக்கப்போறதை அவங்களுக்குக் குடுத்துடுவியாடான்னு."

"நீங்க?"

"என் முன்னாடி அழுதான். என்னைத் தூக்கி வளத்தவன். இத்தனை வருஷத்துல அவன் அழுது நான் பாத்ததில்ல. சரின்னுட்டேன்."

"எப்ப?"

"சாம்பல் புதன் அன்னைக்கு."

சாம்பல் புதன். தவக்காலத்தின் முதல் நாள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு நடந்து வந்தார்கள். அன்றைக்குத்தான் முதல் முதலாக முக்காலி வந்தது. ஊசிக்கு இப்போது அது நினைவுக்கு வந்தது.

"ஒரு மாசமா எனக்கு வெந்நீர் வெச்சீங்களே, அது எனக்கா, உங்க அண்ணன் பிள்ளைக்கா?"

"எங்க போயிடப் போகுது? அதே மாடி. அதே வீடு. பக்கத்து அறை. நமக்கென்ன வயசா போச்சு? அடுத்தது நமக்குப் பொறக்கும்."

"அடுத்ததா? சுருள்ல இருந்து இன்னொரு மீட்டர் கிழிச்சுக்கறதுக்கு இது என்ன துணியா?"

"கத்தாத. அண்ணி மாடியில இருக்காங்க."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லுவே."

"மாட்டேன்னு சொல்றவகிட்டதான்யா கேக்கணும். சரின்னு சொல்றவகிட்ட கேக்க என்ன இருக்கு?"

அவன் சோப்புக் கட்டியை மறுபடி கையில் எடுத்தான்.

"இன்னைக்கு என்ன திருநாள்?" என்றாள் ஊசி. குரல் இறங்கிவிட்டது, அவனுக்கு அதுதான் பயமாக இருந்தது. "கடவுளே பிள்ளை கேட்டு ஆளனுப்புறாரு. நெனச்சா அப்படியே குடுத்திருக்கலாம், யார் தடுப்பாங்க? இருந்தும் ஆளனுப்பிச் சொல்ல வெச்சாரு. அந்தப் பொண்ணு எப்படி நடக்கும்னு திருப்பிக் கேட்டா. அதுக்கும் பதில் சொல்லிட்டு, அவ சரின்னு சொல்ற வரைக்கும் தூதர் நின்னாரு. அத்தனை பெரிய இடத்துக்கே அவ சம்மதம் வேணும்னு இருந்திச்சு. உனக்கு வேணாமா போச்சு."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவனை அவள் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவருக்குமே அது கேட்டது.

"சொல்லிடறேன்" என்றான் மாஸ்டர். "அண்ணன்கிட்ட சொல்லிடறேன். நாளைக்கு..."

"இன்னைக்கு. பூசைக்கு முன்னாடி. அவர் எதையோ எழுதிச் சாமிகிட்ட குடுத்திருக்காராம். அதை வாசிக்கறதுக்குள்ள."

"சரி."

"சத்தியமா?"

"நம்பு."

நம்பினாள். வேறு என்ன செய்வாள்? வெள்ளை உடையில் ஒரு சாண் கரை பாக்கி இருந்தது. குழந்தை உடையை அலமாரியிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்து தைத்தாள். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. கோபத்தில் கை நடுங்காதவர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவது நல்லது.

நாலு மணிக்கு அக்கா உடைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். கோயில்பிள்ளை அதைக் கைக்குழந்தையைப் போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போனார். அக்கா ஊசியின் கன்னத்தைத் தடவி, "நீ மகராசியா இருக்கணும்டி" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. ஊசியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சாயங்காலம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

கோயிலில் எல்லாம் ஊதாவாக இருக்க, சாமியார் மட்டும் வெள்ளையில் வந்து நின்றார். கரையில் ஊசி போட்ட நீல நூல் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மின்னியது. பெரியவரும் அக்காவும் முதல் வரிசை. ஊசியும் மாஸ்டரும் ஐந்தாவது வரிசை.

"சொல்லிட்டீங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

மாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். அன்றைக்கு இல்லாத பாட்டுகளையெல்லாம் புரட்டினான்.

சாமியார் ஒரு துண்டுச் சீட்டைப் பிரித்தார்.

"இன்றைய திருப்பலி, நம் பூசை உடைக் கடைப் பெரியவரும் அவருடைய துணைவியாரும், ஆண்டவர் தங்களுக்குத் தரவிருக்கும் குழந்தைக்காகச் செலுத்தும் நன்றி."

கோயிலில் ஒரு சலசலப்பு. முதலில் எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது; அவளுடைய தட்டையான வயிற்றைப் பார்த்துத் திகைத்தது. பிறகு, கணக்குப் புரிந்தவர்களின் தலை ஒவ்வொன்றாக ஐந்தாவது வரிசைக்குத் திரும்பியது. பின்னால் ஒரு பெண், "அடடா, என்ன மனசு!" என்று உருகினாள்.

அந்தப் பாராட்டு ஊசியின் முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. இனி அவள் மாட்டேன் என்றால், கொடுத்ததைப் பிடுங்குகிறவள். கொடுக்காமலே அவளைக் கொடுத்தவளாக்கிவிட்டார்கள்.

மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியவர் மட்டும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அந்த முகத்தில் ஒரு பொட்டுக் கள்ளம்கூட இல்லை. அவரை வெறுக்க முடிந்திருந்தால் ஊசிக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிரசங்கத்தில் சாமியார் மரியாளின் சம்மதத்தைப் பற்றித்தான் பேசினார். வானமே ஒரு பெண்ணின் ஒரு வார்த்தைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியவர் எல்லாரையும்விட அதிகமாக ஆட்டினார்.

பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணம். கடவுள் மரியாளிடம் உருவெடுத்து மனிதரானார் என்கிற இடத்தில் மற்ற நாட்களில் தலையைத்தான் தாழ்த்துவார்கள். வருடத்தில் இரண்டே நாள், கிறிஸ்துமஸுக்கும் இன்றைக்கும், முழங்காலே போட வேண்டும். கோயில் முழுவதும் ஒரே சமயத்தில் இறங்கியது, பெஞ்சுகள் முனகின.

ஊசி நின்றாள்.

நிறைமாதம் நெருங்குகிறதே, பாவம், முட்டி போட முடியவில்லை என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவளால் முடியும். காலையில்கூட மேசைக்கடியில் உருண்ட நூல் கண்டை முட்டி போட்டுத்தான் எடுத்தாள். இத்தனை பேரும் ஒரு பெண்ணின் சம்மதத்துக்காக மண்டியிடுகிறார்கள். இதில் ஒருவர்கூடத் தன்னைக் கேட்கவில்லை என்பதுதான் அவள் காலை மடக்க விடவில்லை.

பக்கத்தில் மண்டியிட்டிருந்த மாஸ்டர் மெல்ல அவள் கையை இழுத்தான். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்க எல்லாரும் வரிசையில் போனபோது அவள் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தாள். இன்னும் பகல் வெளிச்சம் இருந்தது. கடை நூறு அடி தூரம்.

அலமாரியைத் திறந்து உடையை எடுத்தாள். தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். தாய்மார் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் பிரிக்க உட்கார்ந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதல் தையலில் கொக்கியை நுழைத்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அக்கா. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"உடம்புக்கு என்னடி? பாதிப் பூசையில எழுந்து வந்துட்டே?" என்றவள் மடியைப் பார்த்தாள். "என்ன பண்றே?"

"பிரிக்கிறேன்."

"அது நான் போட்டதுடி."

"தெரியும்க்கா. ஏழும் இடப்பக்கம் சாயுது."

"நீதானே போடச் சொன்னே?"

ஊசியின் கை நின்றது.

"நானா?"

"உன் புருஷன் வந்து சொன்னாரே. சாம்பல் புதனுக்கு மறுநாள். 'அண்ணி, அவளுக்கு வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா இருக்கு. கடைசித் தையலை நீங்களே போட்டுடுங்கன்னு சொல்லச் சொன்னா. அதுதான் அவ பதில்'னு சொல்லி, இந்த உடையைக் கையில குடுத்தாரு. நான் அப்பவே சொன்னேன், அவளையே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் தம்பின்னு. கேட்டீங்கன்னா அழுதுடுவா, கேக்காதீங்கன்னாரு. உடையையும் உன் கண்ணுல படாம பூட்டி வெக்கச் சொன்னாரு."

சரி என்று தலையாட்டிவிட்டான் என்றுதான் ஊசி இதுவரை நினைத்திருந்தாள். கோழை என்று நினைத்திருந்தாள். கோழையைக்கூட மன்னித்துவிடலாம். இவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். அவள் கல்யாணப் பட்டை அளந்து, வெட்டி, அவள் சொல்லாத சம்மதத்தை, அந்தக் கடையில் யாரும் பொய்யாக்கத் துணியாத ஓர் இடத்தில் தைக்க வைத்திருக்கிறான். அவளுடைய 'சரி'யைக்கூட அவனே வெட்டியிருக்கிறான்.

"நான் சொல்லல அக்கா."

அக்கா அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைகூடவா?"

"இன்னைக்குக் காலையிலதான் எனக்கே தெரியும்."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் ஊசிக்கு ஏதாவது சொல்லத் தோன்றியிருக்கும். அவள் மெதுவாக வந்து, நூல் கோத்துக் கொடுக்க எப்போதும் நிற்கிற அதே இடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். நாற்காலியில் தாய், பக்கத்தில் அவள். பதினான்கு வருடமாக இருந்தபடியே.

"குடு" என்று இடக்கையை நீட்டினாள். "நான் போட்டதை நானே பிரிக்கறேன். நீ பிரிச்சா பட்டு கீறிடும். கோவத்துல இருக்கே."

தரையிலேயே உட்கார்ந்து, உடையை மடியில் விரித்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்று. இரண்டு. துணிக்கு வலிக்குமோ என்பதுபோல அத்தனை மெதுவாக. பிரித்த நூலைத் தரையில் போடாமல் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டாள். ஐந்து. ஆறு.

ஏழாவதில் கொக்கியை நுழைத்தாள். இழுக்கவில்லை.

தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் ஏதோ உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். தம்பியின் குரல் கேட்கவே இல்லை.

"ஊசி" என்றாள் அக்கா, தலை நிமிராமல். "இந்த ஒண்ணை மட்டும் நாளைக்குக் காலையில பிரிச்சுக்கட்டுமா? இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டுமே. மாட்டேன்னா இப்பவே எடுத்துடறேன். நீ சொல்லு."

அந்த வீட்டில் அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

செருப்புச் சத்தம் வாசலில் வந்து நின்றது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டு, கொக்கியைப் பிடித்தபடி, பதிலுக்குக் காத்திருந்தாள்.